காப்பகத்துக்குப் போகும் முன்: தொண்டும் வாழ்க்கைத் திறனும் குறித்து ஒரு பாடம்

பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடும் வழக்கம் நம் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. ஒரு கேக், மதியச் சாப்பாடு, ஆளுக்கொரு பேனா, பிறகு எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் நிகழ்ச்சி நிரலிலும் 'காப்பகம் செல்லுதல்' என்று ஒரு பிற்பகலை ஒதுக்குகிறோம். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பிற்பகலில் யார் என்ன பெற்றார்கள் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

இதே செயலின் பெரிய வடிவம் மேலை நாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள் கல்லூரியில் சேரும் முன் ஓர் இடைவெளி எடுத்துக்கொண்டு கம்போடியா, நேபாளம், கென்யா, இந்தியா என்று எங்காவது ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் சில வாரங்கள் தொண்டு செய்துவிட்டுத் திரும்புவார்கள். அதற்காக அனுப்பி வைக்கும் நிறுவனத்துக்குப் பணமும் கட்டுவார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உதவி, போகிறவருக்கு வாழ்க்கைத் திறன் என்று இரண்டையும் சேர்த்தே விளம்பரம் செய்வார்கள். நம் மாணவர்களும் இப்போது வெளிநாட்டுப் படிப்பு, உள்நாட்டுப் பயிற்சி என்று விண்ணப்பம் எழுதும்போது 'தொண்டு அனுபவம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே இது நம் வகுப்பறைக்கும் உரிய பாடம்தான்.

திறன் எங்கிருந்து வருகிறது?

உலக சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்காகத் தொகுத்த பத்து வாழ்க்கைத் திறன்கள் ஆசிரியர் பயிற்சிகளில் நாம் பலமுறை கேட்டவை. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், படைப்பாகச் சிந்தித்தல், கருத்தைத் தெளிவாகப் பரிமாறுதல், உறவு பேணுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். இவற்றில் எதுவும் ஒரு நாளில் வருவதில்லை. பிறர் நிலையில் நின்று உணர்வதற்கு முதலில் அந்தப் பிறரைத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத நாற்பது பேருக்குக் கேக் ஊட்டியவருக்குக் கிடைப்பது ஒரு நிறைவுணர்வு. ஒரே சிறுவனுக்கு வகுத்தல் கணக்கு வரும்வரை பதினைந்து வாரம் போராடியவருக்குத்தான் பொறுமையும் சிக்கல் தீர்க்கும் திறனும் வந்து சேரும். சில சமயம் தோல்வியைத் தாங்கும் திறனும்.

இந்தியாவில் இதற்கான ஏற்பாடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது; பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு 120 மணி நேரம் குறைவானதல்ல. வாரம் இரண்டு மணி நேரம் என்று நாற்பது வாரம் ஒரே குழந்தையோடு உட்கார்ந்தால் 80 மணி நேரம் ஆகிறது. மரக்கன்று, பேரணி, கோயில் திருவிழாப் பணி எல்லாவற்றுக்கும் இன்னும் 40 மணி மிச்சம் இருக்கும். ஆனால் நாம் செய்வது பெரும்பாலும் 120 மணியையும் முப்பது இடங்களில் தூவுவது.

வந்து போகிறவர்களும் வளரும் குழந்தையும்

குழந்தைக்கு உணவும் உடையும் மட்டும் போதாது, நிலையாக உடனிருக்கும் ஒருவர் வேண்டும் என்பதை ஜான் பௌல்பி என்ற உளவியல் மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையிலேயே வலியுறுத்தினார். இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த குழந்தைகளைப் பற்றிய அறிக்கை அது. அரை நூற்றாண்டு கழித்து ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட்டில் நடந்த ஆய்வு இதை இன்னும் கறாராகச் சோதித்தது. இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்; மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் முந்தினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் கூடுதலாக முந்தினார்கள். தனி ஒருவரின் கவனிப்பு கிடைத்ததா இல்லையா என்பதே அங்கே முக்கிய வேறுபாடு.

இனி ஒரு சிறு கணக்கு. எட்டாம் வகுப்பிலேயே போடலாம். ஓர் இல்லத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தொண்டர் குழு வருகிறது. ஒவ்வொரு குழுவிலும் நான்கு பேர். ஆண்டுக்கு 26 குழுக்கள், 104 புது முகங்கள். ஒரு சிறுமி அங்கே ஐந்து வயது முதல் பதினைந்து வயதுவரை இருந்தால் 1,040 பேர் அவளைக் கட்டியணைத்து, 'உன்னை மறக்கவே மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் நின்றாலே போதும், வகுப்பு பேசத் தொடங்கிவிடும். புதிதாக வருகிறவர் மடியில் உடனே ஏறி உட்காரும் குழந்தையைப் பார்த்து 'எவ்வளவு பாசம்!' என்று வியக்கிறோம். முன்பின் தெரியாத யாரிடமும் அப்படி ஒட்டிக்கொள்வது நிலையான உறவு கிடைக்காததன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதுதான் குழந்தை உளவியல் சொல்வது.

இதில் பணமும் சேர்ந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியதாக 2011இல் யுனிசெஃப் ஆதரவுடன் வெளிவந்த அறிக்கை சொன்னது. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட நாட்டில் பெற்றோரை இழந்தவர்கள் திடீரென்று கூடவில்லை. வெளிநாட்டுப் பயணிகளும் நன்கொடையும்தான் கூடின. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். வறுமையால், படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையால் அனுப்பப்பட்டவர்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவின் தீங்கை வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எல்லோரும் இப்படித்தான் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. நமக்குத் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்தில் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் அங்கே பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் தந்தார். குழந்தைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள். 1951 ஜனவரியில் அவர் அங்கேயே இறந்தார். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய சமயப் பணியைப் பற்றி அவரவர் கருத்து வேறாக இருக்கலாம். தமிழ் கற்றார், இங்குள்ள உடையை உடுத்தினார், குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகும்வரை உடனிருந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது. இரண்டு வாரத்தையும் ஐம்பத்தைந்து ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'இரண்டுக்கும் பெயர் தொண்டுதானா?' என்று கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் இதே பாடம் கிடைத்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களும் பொருள்களும் வந்து குவிந்தன. பெற்றோரை இழந்த குழந்தைகளை உடனே தத்தெடுத்துப் போக விரும்பியவர்களும் இருந்தார்கள். தமிழக அரசு அவசரத் தத்துக்கு இடம் தராமல், சொந்தக் கடற்கரையிலேயே இல்லங்களை அமைத்தது. நாகையில் அன்னை சத்யா அரசு இல்லம் அவற்றுள் ஒன்று. அன்றைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணன் பணி மாறிப் போன பின்னும் பல ஆண்டுகள் அந்தக் குழந்தைகளைப் பார்க்க வந்துகொண்டிருந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்போம். முதல் வாரத்தில் வந்த லாரிகளைவிட, பத்தாண்டு கழித்தும் வந்த அந்த ஒருவரைப் பற்றியே இன்றும் பேசுகிறார்கள்.

நம் கரிசலில்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தேட வெளிநாடு போக வேண்டாம். காப்பகம்கூடப் போக வேண்டாம். அவர்களில் பலர் நம் வகுப்பிலேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மானாவாரி நிலம், கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடும் பிழைப்பு, தறி, மில் வேலை, திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விடும் தாய் தகப்பன். மேற்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் பட்டாசு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்துகளை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எங்கோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் பத்து நாள் வராமல் இருந்து, பிறகு அம்மாச்சி வீட்டு முகவரியோடு திரும்புகின்றன. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இந்த ஊர்களில் பெற்றோரை இழந்த குழந்தையை வளர்ப்பது பெரும்பாலும் அப்பத்தா, அம்மாச்சி, தாய்மாமன், பெரியம்மா. இது புதிதல்ல. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்து பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட வேங்கடராமன், பன்னிரண்டு வயதில், 1892இல் தந்தையை இழந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவரும் அண்ணனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். தாயும் இளைய குழந்தைகளும் மானாமதுரையில் மற்றொரு சிற்றப்பாவோடு தங்கினார்கள். ஆன்மிகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், இன்று 'உறவினர் பராமரிப்பு' என்று குழந்தை நலத்துறை சொல்வதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இது. பையன் மதுரையில் பள்ளிப் படிப்பைத் தொடர முடிந்தது. தாயிடமிருந்தும் தம்பி தங்கையிடமிருந்தும் பிரிந்திருக்க வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை.

உறவினர் பராமரிப்பைத் தாங்கிப் பிடிக்கத் திட்டங்கள் இருக்கின்றன. தெரியாததால்தான் போய்ச் சேரவில்லை. வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் உதவி உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். மிஷன் வத்சல்யா நிதி ஆதரவில் குடும்பத்தோடு வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேட்டால் எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடுவார்கள். எழுபது வயது அம்மாச்சிக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, நகல் எடுத்து, வங்கிக் கணக்கு தொடங்க உடன் போவது ஒரு பிளஸ் ஒன் மாணவனால் முடிகிற வேலை. கருத்தைத் தெளிவாகச் சொல்லுதல், சிக்கல் தீர்த்தல், பொறுமை எல்லாவற்றையும் அருப்புக்கோட்டை வங்கி வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றாலே கற்றுக்கொள்ளலாம்.

தொடக்க வகுப்புகளில் ஒரு சொல்

தொண்டு பற்றிய பாடம் மேல்நிலையில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் 'என் குடும்பம்' பாடம் வரும். 'அப்பா, அம்மாவைப் படம் வரைந்து வா' என்கிறோம். அப்பா இல்லாத குழந்தை அன்று வெறும் தாளோடு வரும், அல்லது வயிற்றுவலி என்று வராமலே இருந்துவிடும். 'உன் வீட்டில் உன்னோடு யார் யார் இருக்கிறார்கள்? உனக்குச் சோறு போடுகிறவர், தலை சீவிவிடுகிறவர் யார்? அவர்களை வரை' என்று மாற்றிச் சொன்னால் எந்தக் குழந்தையும் விடுபடாது. பாட நோக்கமும் குறையாது. எமிஸ் விவரம் சரிபார்க்கும்போதும் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி 'உன் அப்பா இறந்துட்டார்ல?' என்று கேட்க வேண்டியதில்லை. 'அனாதை' என்ற சொல் பள்ளிக்குள் வேண்டாம். சட்டமும் அந்தக் குழந்தைகளைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்' என்றுதான் சொல்கிறது. சற்று நீளமான பெயர்தான், ஆனால் குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியது அதிலேயே இருக்கிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: இரண்டு பாடவேளை

முதல் பாடவேளையில் மேலே சொன்ன 26 குழுக் கணக்கோடு தொடங்கலாம். அடுத்து இன்னொரு கணக்கு: நாற்பது மாணவர்கள் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு ஒரு நாள் காப்பகத்தில் விருந்து வைத்தால் 8,000 ரூபாய். நிதி ஆதரவுக் கணக்கில் அது ஒரு குழந்தைக்கு இரண்டு மாதம். இதைச் சொன்னதும் சில மாணவர்கள் 'அப்போ விருந்தே வைக்கக் கூடாதா சார்?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு நாள் நல்ல சாப்பாடும் குழந்தைக்கு மகிழ்ச்சிதான். விருந்து வைத்தவர் அடுத்த வாரம் என்ன செய்தார் என்பதே விவாதத்துக்கு உரியது.

இரண்டாம் பாடவேளையில் குழுக்களுக்கு ஆளுக்கொரு சூழ்நிலை கொடுக்கலாம். ஒரு மாணவி இல்லத்தில் ஒரு சிறுமியோடு எடுத்த படத்தை அலைபேசியில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். இப்போது என்ன செய்வது? மற்றொரு குழுவுக்கு: வாராவாரம் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் அண்ணனிடம் ஒரு சிறுவன், 'என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?' என்று கேட்கிறான். மூன்றாவதாக: ஒரு குழந்தை தன்னை யாரோ அடிப்பதாகச் சொல்லி, 'யாரிடமும் சொல்லாதே' என்கிறது. முதல் சூழ்நிலைக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவை எளிமையாகச் சொல்ல வேண்டும்: இத்தகைய குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடுவது குற்றம். மூன்றாவதற்கு விடை ஒன்றுதான். ரகசியம் காக்கும் உறுதி தரக் கூடாது. ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். 1098 இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒற்றை விடை கிடையாது. பொய்யான நம்பிக்கை தராமலும் முகத்தைத் திருப்பாமலும் ஒரு பதின்ம வயதுப் பையன் எப்படிப் பேசுவான் என்று நடித்துப் பார்க்கச் சொல்லலாம். பாடத்திலேயே மிகவும் பயன்தரும் பத்து நிமிடம் இதுவாக இருக்கும்.

போவதென்றால் எப்படி?

இல்லத்துக்குப் போக முடிவு செய்தால், அது பதிவு பெற்ற இல்லமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுத் தெரிந்துகொண்டு, முன் அனுமதியோடு போக வேண்டும். 'உங்களுக்கு என்ன தேவை?' என்று இல்லக் கண்காணிப்பாளரிடம் கேட்பது முதல் வேலை. பெரும்பாலும் பதில் கேக்காக இருக்காது; பத்தாம் வகுப்புக் கணக்கு, ஆங்கிலம், முடி வெட்டுபவர், ஒரு கைப்பந்து வலை என்றே வரும். மாணவர்கள் இருவர் இருவராகப் போக வேண்டும், தனி அறையில் குழந்தையோடு இருக்கக் கூடாது, ஆசிரியர் கண்பார்வையில் எல்லாம் நடக்க வேண்டும். இது நம் மாணவரையும் பாதுகாக்கிறது.

உள்ளூர்த் தொண்டர், சிறு குழு, மாலையில் ஒன்றரை மணி நேரம், தெரிந்த தெரு என்ற அமைப்பை நம் மாநிலம் இல்லம் தேடிக் கல்வியில் 2021 அக்டோபர் முதல் செய்து காட்டியது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தொண்டர் அந்தக் குழந்தைகளின் தெருவிலேயே இருந்தார் என்பது. சனிக்கிழமை வகுப்புக்கு வராத பையனை ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரையில் பார்த்து, 'ஏன்டா வரலை?' என்று கேட்க முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற எந்த இளைஞராலும் அது முடியாது.

தொண்டருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதில் குழந்தையின் பெயர் வேண்டாம், ஓர் எழுத்து போதும். இன்று என்ன கற்றோம், எது வரவில்லை, அடுத்த வாரம் என்ன, நான் எதில் பொறுமை இழந்தேன். வாழ்க்கைத் திறன் மதிப்பீட்டுக்குத் தனிப் படிவம் வேண்டாம். திட்ட அலுவலர் மாதம் ஒரு முறை இந்த நோட்டைப் படித்தால் எந்த மாணவன் எங்கே வளர்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

விடைபெறுவதுதான் கடினம், அதற்கும் திட்டம் வேண்டும். பிளஸ் டூ மாணவர் மார்ச்சில் தேர்வுக்குப் போய்விடுவார், பிறகு கல்லூரி, வேறு ஊர். ஆகவே டிசம்பரிலேயே ஒரு பிளஸ் ஒன் மாணவரைக் கூட அழைத்துப் போய், இரண்டு மாதம் மூவருமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். கடைசி நாள் எது என்பதைக் குழந்தைக்கு முன்பே தேதியோடு சொல்லிவிட வேண்டும். திடீரென்று வராமல் நின்றுவிடக் கூடாது. 'அடிக்கடி வருவேன்' என்று சொல்ல வேண்டாம். 'தீபாவளி லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் வருவேன்' என்றால் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்த நோட்டைப் பிளஸ் ஒன் மாணவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தீபாவளி முடிந்ததும் திட்ட அலுவலர் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் வந்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.